ஒரு ஸ்டாம்பில் இரண்டு வடிவமைப்பாளர்கள்: நவீன வடிவமைப்பு அஞ்சல் தலைகளைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு

அஞ்சல் தலை என்றால் அதில் ஒரு முகம் இருக்கும் என்றுதான் நமக்குப் பழக்கம். அரசியோ தலைவரோ கவிஞரோ பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். 2011இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட ஒரு தாளில் அந்த முகத்தின் இடத்தில் பென்சில் சீவும் கருவி இருக்கிறது. பக்கத்தில் ஒரு தொலைபேசி, ஒரு தையல் இயந்திரம், சில கரண்டிகள். அந்தப் பொருள்களை வடிவமைத்தவர்களின் பெயர்களும் உண்டு, முகங்கள்தான் இல்லை. இந்த வகை ஸ்டாம்புகளில் எனக்குப் பித்துப் பிடித்தது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

நாற்காலி, விளக்கு, ரயில் வரைபடம், சட்டை என்று நாம் தினமும் தொட்டுப் புழங்குகிற பொருள்களையும், அவற்றுக்கு உருவம் கொடுத்தவர்களையும் கௌரவிக்கும் அஞ்சல் தலைகளை எப்படித் தேடுவது, வாங்குவது, வைத்துக்கொள்வது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பெரிய ஆல்பம் இப்போதைக்கு வேண்டாம். அது கடைசியில்.

வாங்கும் முன்: மூன்று பெயர்களைத் தேடுங்கள்

இந்தத் துறையில் ஒவ்வொரு ஸ்டாம்பும் வடிவமைப்புக்குள் இருக்கும் வடிவமைப்பு. படத்தில் இருக்கும் நாற்காலியைச் செய்தவர் ஒருவர். அந்த நாற்காலியை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சதுரத்துக்குள் எப்படி உட்கார வைப்பது, எழுத்தை எங்கே போடுவது என்று தீர்மானித்தவர் இன்னொருவர். பல சமயம் படம் எடுத்த புகைப்படக்காரர் மூன்றாமவர். ஒரு ஸ்டாம்பை எடுத்ததும் இந்த மூன்று பெயர்களையும் தேடும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுவாரசியமான கதைகள் இந்தப் பெயர்களுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கின்றன. ஓர் உதாரணம். 2008 ஜூன் 17 அன்று அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதிக்கு அமெரிக்கா 16 அஞ்சல் தலைகள் கொண்ட ஒரு தாள் வெளியிட்டது. ஒவ்வொன்றும் 42 சென்ட். அன்று சார்ல்ஸின் 101ஆவது பிறந்த நாள். அந்தத் தாளை வடிவமைத்தவர் டெரி நொய்ஸ். அவருடைய அப்பா எலியட் நொய்ஸ், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொழில் வடிவமைப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர். 1940இல் அவர் நடத்திய அறைகலன் போட்டியில் சார்ல்ஸ் ஈம்ஸும் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினெனும் சேர்ந்து பரிசு வாங்கினார்கள். ஈம்ஸ் என்ற பெயரை வெளியுலகம் கவனிக்கத் தொடங்கியது அங்கேதான். அப்பா நடத்திய போட்டியில் வென்றவருக்கு, 68 வருடம் கழித்து மகள் ஸ்டாம்ப் செய்கிறார். அடுத்த மூன்றே வருடத்தில் அப்பாவே ஒரு ஸ்டாம்பில் ஏறுகிறார், தான் வடிவமைத்த செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரத்தோடு. இவ்வளவும் அந்தக் காகிதச் சதுரங்களில் எங்கும் எழுதியிருக்காது. மூன்று பெயர்களையும் தேடிப் போகிறவருக்குத்தான் கிடைக்கும்.

ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, ‘வடிவமைப்பு’ என்று பெயர் போட்ட எல்லாவற்றையும் வாங்கத் தொடங்குவது. நானும் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதத்தில் ஒரு ஷூ பெட்டி நிறைந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. நாடு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ அடுக்கலாம், தவறில்லை. ஆனால் இந்தத் துறைக்கு அது சரியான வாசல் இல்லை என்பது என் கருத்து. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை விளக்கு. மூன்றே வெளியீடுகளில் நான்கு நல்ல விளக்குகள் கிடைக்கின்றன.

முதலாவது, பிரிட்டனின் ராயல் மெயில் 2009 ஜனவரி 13 அன்று வெளியிட்ட வடிவமைப்புச் செவ்வியல் வரிசையில் வரும் ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கு. ஜார்ஜ் கார்வர்டைன் வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலையில் ஊறிய பொறியாளர். ஸ்பிரிங்குகளை வைத்து, எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் ஒரு கையை 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். விளக்கு அதன் முனையில் அப்புறமாக வந்து உட்கார்ந்ததுதான்.

இரண்டாவதும் மூன்றாவதும் நான் முதலில் சொன்ன 2011 அமெரிக்கத் தாளில் இருக்கின்றன. ஒன்று டொனால்ட் டெஸ்கி 1920களின் கடைசியில் செய்த மேசை விளக்கு. இன்னொன்று கிரெட்டா வான் நெஸ்ஸெனின் எனிவேர் விளக்கு, 1951. பெயரே சொல்வது போல அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்: மேசையில் நிறுத்தலாம், சுவரில் மாட்டலாம், தொங்கவிடலாம். அந்தத் தாளில் உள்ள 12 வடிவமைப்பாளர்களில் பெண் இவர் ஒருவர்தான். இதை உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள், பின்னால் பயன்படும்.

நான்காவது, 2004இல் இசாமு நொகுச்சிக்கு அமெரிக்கா வெளியிட்ட ஐந்து 37 சென்ட் தலைகளில் ஒன்று. நொகுச்சி சிற்பி. மூங்கிலும் கைக்காகிதமும் கொண்டு அவர் செய்த அகாரி விளக்குகளில் ஒன்று அந்தத் தலையில் இருக்கிறது. அகாரி வேலையை அவர் ஜப்பானின் கிஃபு நகரில் தொடங்கியது 1951இல், அதாவது எனிவேர் விளக்கு வந்த அதே ஆண்டில். ஒரு பக்கம் அலுமினியமும் பெயின்ட் அடித்த தகடும், இன்னொரு பக்கம் காகிதமும் மூங்கிலும். இந்த இரண்டு ஸ்டாம்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்தக் காலகட்டத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு சட்டென்று மனதில் பதியாது.

விளக்கு பிடிக்கவில்லையா? நாற்காலிக்குப் போங்கள்: ஈம்ஸ் தாளில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை, பிரிட்டனின் 2009 வரிசையில் ராபின் டேயின் பாலிப்ரொப்பிலின் நாற்காலி உண்டு. தொலைபேசி வேண்டுமென்றால் 2011 தாளில் ஹென்றி டிரேஃபஸின் 302 மாடல், 2009 வரிசையில் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் கே2 சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. ஒன்று கருவி, மற்றது அந்தக் கருவிக்குக் கட்டிய வீடு.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய வெளியீடுகள்

முழுப் பட்டியல் தரப்போவதில்லை. மேலே சொன்னவையே அடித்தளம். அவற்றில் இரண்டை இன்னும் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

2011 ஜூன் 29 அன்று நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் வெளியான தாளின் பெயர் ‘அமெரிக்கத் தொழில் வடிவமைப்பின் முன்னோடிகள்’. ஏற்கெனவே சொன்னவர்களோடு ரேமண்ட் லோவி, வால்டர் டோர்வின் டீக், நார்மன் பெல் கெடஸ், ரஸ்ஸல் ரைட், கில்பர்ட் ரோடி, பீட்டர் முல்லர்-மங்க், ஃபிரெடரிக் ஹர்டன் ரீட், டேவ் சாப்மன் ஆகியோர் இருக்கிறார்கள். தாளின் ஓரப் பகுதியில் ராபர்ட் ஹெல்லரின் மின்விசிறி. லோவியின் பென்சில் சீவி 1933இல் செய்த மாதிரி மட்டுமே, பெருமளவில் உற்பத்திக்குப் போகவே இல்லை. எத்தனையோ ரயில் எஞ்சின்கள் செய்தவருக்கு, விற்பனைக்கே வராத ஒரு பொருளை ஸ்டாம்பில் போட்டிருக்கிறார்களே என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த உருண்ட வெள்ளிப் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க, சரி, சரியான தேர்வுதான் என்று தோன்றிவிட்டது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய வடிவத்தை மேசையை விட்டு நகராத ஒரு கருவிக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தின் மோகம் முழுதும் அதில் இருக்கிறது.

பிரிட்டனின் 2009 வரிசையில் பத்துத் தலைகள். ஆங்கிள்பாய்ஸ், டேயின் நாற்காலி, தொலைபேசிக் கூண்டு போக, மினி கார், மினி ஸ்கர்ட், ஸ்பிட்ஃபயர் விமானம், கான்கார்ட் விமானம், ரூட்மாஸ்டர் பேருந்து, பெங்குவின் புத்தக அட்டை, ஹாரி பெக் வரைந்ததை அடிப்படையாகக் கொண்ட லண்டன் சுரங்க ரயில் வரைபடம். இவற்றில் எந்த இடத்திலும் நாட்டின் பெயர் இருக்காது. பிழை என்று நினைத்துவிடாதீர்கள். உலகின் முதல் அஞ்சல் தலையை 1840இல் வெளியிட்ட நாடு என்பதால் பிரிட்டன் பெயர் போடுவதில்லை, அரசரின் அல்லது அரசியின் தலை உருவமே அடையாளம். விலை எண்ணும் இருக்காது, ‘முதல் வகுப்பு’ என்ற குறியீடு மட்டும். அமெரிக்காவின் 2011 தாளிலும் இப்படித்தான், எண்ணுக்குப் பதில் ‘ஃபாரெவர்’ என்று இருக்கும். கட்டணம் எவ்வளவு ஏறினாலும் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு என்றைக்கும் செல்லும் என்று பொருள்.

உடைப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு பிரிட்டனின் 2012 வரிசை இருக்கிறது. அலெக்சாண்டர் மெக்குவீன், விவியன் வெஸ்ட்வுட், பால் ஸ்மித், ஜீன் மியூர் எல்லோருடைய உடைகளும் அதில் வந்தன. 2017இல் அமெரிக்கா ஆஸ்கர் டி லா ரென்டாவுக்குப் பதினொரு தலைகள் கொண்ட தாள் வெளியிட்டது.

கட்டடம் என்றால் கடல். காலை மட்டும் நனைக்க நினைப்பவர் அமெரிக்காவின் 2005 தாளோடு நிறுத்திக்கொள்ளலாம்: 12 நவீனக் கட்டடங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. அதற்கு முந்தைய ஆண்டு கண்டுபிடிப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்கு வந்த தலை இதே அலமாரியில் சேரும். டைம் இதழின் அட்டைக்காக போரிஸ் ஆர்ட்சிபாஷெஃப் வரைந்த ஓவியம் அது. ஃபுல்லரின் வழுக்கைத் தலையே அவருடைய கோளக் கூரையாக மாறியிருக்கும். அஞ்சல் தலையில் ஒரு தலை, அந்தத் தலையே ஒரு கட்டடம்.

ஜெர்மனியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி 1919இல் வைமாரில் தொடங்கி, டெஸ்ஸாவுக்குப் போய், பெர்லினில் 1933இல் மூடப்பட்டது. போருக்குப் பிறகு நாடு இரண்டானபோது வைமாரும் டெஸ்ஸாவும் கிழக்கில் மாட்டிக்கொண்டன. பள்ளியின் ஆவணக் காப்பகம் மேற்கு பெர்லினில் எழுந்தது. யாருடைய சொத்து பௌஹவுஸ்? 1980இல் கிழக்கு ஜெர்மனி பௌஹவுஸ் கட்டடங்களுக்கு ஆறு தலைகள் வெளியிட்டது, டெஸ்ஸா கட்டடமும் அதில் உண்டு. 1983இல் மேற்கு ஜெர்மனி தன் பங்குக்கு அங்கே ஆசிரியர்களாக இருந்த மோஹோய்-நாட்ஜ், ஆல்பர்ஸ், நிறுவனர் குரோப்பியஸ் மூவருக்கும் ஒவ்வொன்று வெளியிட்டது. இடையில் 1982இல் அமெரிக்கா தன் நவீனக் கட்டட வரிசையில் குரோப்பியஸ் தனக்காக அங்கே கட்டிக்கொண்ட வீட்டைப் போட்டது. நான்கு வருடத்துக்குள் மூன்று அரசுகள் குரோப்பியஸ் என்ற ஒரே மனிதரின் வேலையைத் தம்முடையது என்கின்றன. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

சின்னதாக ஒன்று: சுவிட்சர்லாந்து 2004இல் ரெக்ஸ் என்ற காய்கறித் தோல் சீவியை ஸ்டாம்பில் போட்டது. எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று.

தேடும் முறை

வடிவமைப்பாளரின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் விற்பவர்களில் பலர் பொருளின் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். ‘விளக்கு’, ‘தட்டச்சு’, ‘பேருந்து’ என்று தேடுங்கள். அதைவிட நல்ல வழி கேட்லாக் எண். உலகில் நான்கு பெரிய கேட்லாக்குகள் புழக்கத்தில் உள்ளன: அமெரிக்காவின் ஸ்காட், பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ், ஜெர்மனியின் மிஷெல், பிரான்சின் இவேர். ஒரே ஸ்டாம்புக்கு நான்கிலும் நான்கு எண் இருக்கும் என்பதால், எண்ணைச் சொல்லும்போது எந்தக் கேட்லாக் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்காட் எண்ணில் ஈம்ஸ் தாள் 4333. தாளில் உள்ள 16 தலைகளுக்கும் அதே எண்தான், பின்னால் a முதல் p வரை ஓர் எழுத்து சேரும். முன்னோடிகள் தாள் 4546, a முதல் l வரை. ஃபுல்லர் 3870. கட்டடத் தாள் 3910. ஆக, விற்பவர் ‘4546’ என்று மட்டும் போட்டிருந்தால் முழுத் தாளா, ஒற்றைத் தலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் வாங்கி, முழுத் தாளுக்குக் காத்திருந்தவனுக்கு ஒரே ஒரு தையல் இயந்திரம் வந்து சேர்ந்த கதை என்னுடையது.

இணையத்தில் கோல்நெக்ட் என்ற தரவுத்தளம் பொருள் வாரியாகத் தேட வசதியானது. அமெரிக்காவில் 1949இல் தொடங்கிய அமெரிக்கன் டாப்பிக்கல் அசோசியேஷன் என்ற அமைப்பு பொருள் வாரிச் சேகரிப்புக்கென்றே இருக்கிறது.

முழுத் தாளா, ஒற்றைத் தலையா?

என் பதில்: இந்தத் துறையில் முதல் கொள்முதல் முழுத் தாளாக இருக்கட்டும். காரணம், தாளே ஒரு வடிவமைப்பு. ஈம்ஸ் தாளில் நாற்காலிகளோடு துணி வடிவமும், பம்பரங்களைப் பற்றி அவர்கள் எடுத்த ‘டாப்ஸ்’ என்ற குறும்படத்தின் ஒரு காட்சியும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. கிழித்துவிட்டால் அந்த உறவு போய்விடும். வெவ்வேறு படங்கள் கொண்ட தலைகள் இப்படி ஒட்டிப் பிறந்து வருவதைச் சேகரிப்பவர்கள் செடெனன்ட் என்பார்கள்.

தாள் கையில் வந்த பிறகு, தபாலில் போய் வந்த, முத்திரை விழுந்த ஒற்றைத் தலைகளைத் தேடலாம். அதில் வேறு சுகம் இருக்கிறது: கடிதங்களைச் சுமந்து திரிந்த நாற்காலி. முதல் நாள் உறைகள், அதாவது வெளியீட்டு நாளன்றே முத்திரையிட்ட உறைகள், அழகானவைதான். ஆனால் உறையில் பக்கப் படத்தைத் தனியார் அச்சிட்டிருப்பார்கள், தரம் ஏறி இறங்கும். நல்ல ஸ்டாம்புக்குப் பக்கத்தில் மட்டமான ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா என்று யோசித்து வாங்குங்கள்.

விலை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஏறாது என்று நினைத்தே வாங்குங்கள். இவை பெருமளவில் அச்சிடப்பட்டவை, சேகரிப்பவர்கள் தாள் தாளாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று. பிரபலமான பொருளின் படத்தைப் போட்டு, அஞ்சல் நிலையம் ஒன்றில்கூட விற்காத, எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாத ‘ஸ்டாம்புகள்’ சந்தையில் நிறைய உலவுகின்றன. சில போலியாகவே ஒரு நாட்டின் பெயரைப் போட்டு அச்சிடப்பட்டவை. 2002 முதல் வெளியானவற்றைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: உலக அஞ்சல் ஒன்றியத்தின் டபிள்யூஎன்எஸ் பதிவேடு. பங்கெடுக்கும் நாடுகள் தம் உண்மையான வெளியீடுகளை அதில் பதிகின்றன. எல்லா நாடுகளும் அதில் இல்லை, அதனால் பதிவேட்டில் இல்லாததெல்லாம் போலி என்று ஆகாது. ஆனால் பங்கெடுக்கும் நாட்டின் பெயரில் வந்து, பதிவில் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். தனி ஆள் காசு கொடுத்துத் தன் படம் போட்டு அச்சிடும் தலைகளும் வேறு கணக்கு. வடிவமைப்பு நிறுவனங்கள் இப்படிச் செய்துகொள்வதுண்டு. வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு கௌரவித்தது என்று எழுதக் கூடாது.

தண்ணீரில் போடும் முன் நில்லுங்கள்

பழைய முறை எல்லோருக்கும் தெரிந்ததே. உறையிலிருந்து ஸ்டாம்பைச் சுற்றிலும் இடம்விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலாக மிதக்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் பசை கரையும். அப்போது காகிதத்தைத்தான் ஸ்டாம்பிலிருந்து உரிக்க வேண்டும், ஸ்டாம்பைக் காகிதத்திலிருந்து இழுக்கக் கூடாது. பின்புறப் பசையை அலசிவிட்டு, முகம் கீழாக உறிஞ்சு தாளில் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு. 1960களின், 70களின் தலைகளுக்கு இது போதும். ஃபிராங்க் லாய்ட் ரைட்டும் அவருடைய குகன்ஹைம் அருங்காட்சியகமும் சேர்ந்திருக்கும் 1966ஆம் ஆண்டு 2 சென்ட் தலையில் பழகிப் பாருங்கள், மலிவாகக் கிடைக்கும்.

நம் துறையின் முக்கியமான தலைகளோ 2004க்குப் பிறகு வந்தவை, பெரும்பாலும் ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டுபவை. அமெரிக்காவின் இந்தக் காலத் தலைகளில் பலவற்றின் பசை தண்ணீரில் கரையாது. இது தெரியாமல் நான் ஈம்ஸ் தலைகள் மூன்றை ஒரு கிண்ணத்தில் ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் கழித்து விரலால் தேய்த்து, கடைசியில் லவுஞ்ச் நாற்காலியின் மேல்தோல் தனியாக, பசை தனியாக வந்து நின்றேன். அன்று கற்றது: இவற்றை உறையோடு விட்டுவிடுங்கள். ஸ்டாம்பைச் சுற்றி நான்கைந்து மில்லிமீட்டர் சீரான ஓரம் வைத்து, கூர்மையான கத்தரியால் வெட்டினால் போதும். சேகரிப்பவர்கள் இப்போது இதைக் குறையாக நினைப்பதில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த திரவத்தைப் பின்புறம் தெளித்துப் பசையை இளக்குகிறவர்களும் உண்டு. செய்வதானால் பல பிரதிகள் உள்ள ஒன்றில் முதலில் முயன்று பாருங்கள்.

பிரிட்டனின் 2009 தலைகளிலேயே இரண்டு வகையும் உண்டு. தாளாக வந்தவை பழைய பசை, சின்னப் புத்தகங்களில் வந்த சில ஸ்டிக்கர். முதலில் ஓரத்தைப் பார்த்து, எது கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கிண்ணத்தை எடுங்கள்.

கருவிகளும் வைப்பும்

முனை தட்டையான ட்வீசர், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஸ்டாம்புகளைச் செருகி வைக்கக் கறுப்புப் பக்கங்கள் கொண்ட ஒரு ஸ்டாக்புக். இவ்வளவுதான். புருவம் திருத்தும் ட்வீசர் வேண்டாம், அதன் கூர்முனை காகிதத்தைக் கீறும். பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் நாளடைவில் நிறமும் காகிதமும் கெடும். வெயில் படாத, ஈரம் ஏறாத இடம் போதும். முழுத் தாள்களை மடிக்காமல் வைக்கப் பெரிய அளவு கோப்பு ஒன்று தேவைப்படும். பயன்படுத்தாத ஸ்டிக்கர் தலைகளை அடித்தாளிலிருந்து உரிக்கவே கூடாது.

பக்கம் எழுதுவது

இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு தலைக்கும் கீழே நான்கு வரி எழுதுங்கள்: பொருளைச் செய்தவர், பொருளின் ஆண்டு, ஸ்டாம்பைச் செய்தவர், ஸ்டாம்பின் ஆண்டு. இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1933இன் பென்சில் சீவிக்கு 78 வருடம்.

அடுத்து, இந்தத் தலை யாரை விட்டுவிட்டது என்று ஒரு வரி. ஸ்டாம்புக்கு ஒற்றை மேதை என்றால் ரொம்பப் பிடிக்கும், இடம் சின்னது பாருங்கள். செலக்ட்ரிக்கின் கூடு நொய்ஸுடையது, உள்ளே சுழலும் எழுத்துப் பந்து ஐபிஎம் பொறியாளர்களுடையது. ரூட்மாஸ்டர் ஒரு குழுவின் வேலை. கிரெட்டா வான் நெஸ்ஸென் மட்டும் ஏன் தனியாக இருக்கிறார் என்ற கேள்வியும் இங்கே வரும்.

உயிரோடு இருக்கிறவர் விஷயம் இன்னொன்று. வாழும் மனிதரின் உருவத்தை ஸ்டாம்பில் போடுவதில்லை என்பது அமெரிக்காவின் நெடுநாள் வழக்கம். ஆனால் வேலைக்கு அந்தத் தடை இல்லை. 2005 கட்டடத் தாள் வந்தபோது அதில் உள்ள கட்டடங்களை வடிவமைத்த ஃபிராங்க் கெரியும் ஐ. எம். பெய்யும் ராபர்ட் வென்ச்சூரியும் உயிரோடு இருந்தார்கள். பிரிட்டனில் 2009இல் மினி ஸ்கர்ட்டின் மேரி குவான்டும் நாற்காலியின் ராபின் டேயும் தங்கள் வேலையை ஸ்டாம்பில் பார்த்தார்கள். ‘அப்போது இருந்தார்’ என்ற குறிப்பை நான் பக்கத்தின் மூலையில் பென்சிலால் போட்டு வைப்பேன்.

பழகிய பிறகு: ஸ்டாம்பையே செய்தவர்கள்

விளக்கோ நாற்காலியோ ஒரு பக்கம் நிறைந்த பிறகு திரும்பிப் பார்க்க ஒரு திசை இருக்கிறது. பெரிய வடிவமைப்பாளர்கள் தாங்களே ஸ்டாம்ப் செய்திருக்கிறார்கள். 1964இல் வந்த ஜான் கென்னடி நினைவுத் தலை, 5 சென்ட், அணையா விளக்கோடு இருப்பது, ரேமண்ட் லோவியின் நிறுவனம் வடிவமைத்தது. ஸ்டாம்ப் செய்தவர் 47 வருடம் கழித்து ஸ்டாம்பில் ஏறினார். ஸ்காட் 1246, ஸ்காட் 4546. இந்த இரண்டையும் அருகருகே வைத்த பக்கம் என்னிடம் உள்ளவற்றில் மிக எளியது, வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பதும் அதில்தான்.

நெதர்லாந்தில் விம் க்ரௌவெல் 1976இல் வெறும் எண்களை மட்டும் வைத்துச் செய்த அன்றாடத் தலைகள் 2002 வரை ஓடின. படம் கிடையாது, நாட்டின் பெயரும் எண்ணும்தான். பிரிட்டனில் டேவிட் ஜென்டில்மன் 1960களில் அரசியின் பெரிய முகத்தைச் சின்ன நிழலுருவாக்கி ஓரத்துக்கு நகர்த்தினார். அந்த நகர்வு இல்லாவிட்டால் பேருந்துக்கும் நாற்காலிக்கும் 2009இல் இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. 2022இல் ராயல் மெயில் அவருடைய பழைய ஸ்டாம்புகளையே ஆறு புதிய ஸ்டாம்புகளில் போட்டு அவரைக் கௌரவித்தது. அங்கே மூன்று பெயர்களைத் தேடும் விதி கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டும், பொருளைச் செய்தவர் என்ற முதல் வரியில் பழைய ஸ்டாம்பைச் செய்த ஜென்டில்மன் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆல்பம் இப்போது வாங்கலாம். பக்கங்களைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள், ஏனென்றால் வரிசை மாறிக்கொண்டே இருக்கும். என் விளக்குப் பக்கத்தில் நான்குக்குப் பிறகு ஐந்தாவது சதுரம் ஒன்றைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.